இரண்டாம் தடவை போக முடிகிறதா? தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கான இலவச மனநலச் சேவைகள்: ஒரு மதிப்பீடு

குழந்தைகள் மனநலச் சேவை ஒன்று நன்றாக இருக்கிறதா என்பதை முதல் நாள் டாக்டர் எவ்வளவு பொறுமையாகப் பேசினார் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் குடும்பம் இரண்டாம் தடவை வந்ததா, ஐந்தாம் தடவை வந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். காய்ச்சல் என்றால் மூன்று நாள் மாத்திரையோடு வேலை முடிந்துவிடும். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கும், பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் எட்டாம் வகுப்பு மாணவிக்கும் ஒரே நாளில் முடியும் வைத்தியம் கிடையாது. எனவே இங்கே சொல்லப்படும் சேவைகள் எல்லாவற்றையும் அந்த ஒரே அளவுகோலால்தான் அளந்திருக்கிறோம்.

காசு செலவில்லாமல் ஒரு குடும்பம் தட்டக்கூடிய கதவுகள் நான்கு: 14416 தொலைபேசிச் சேவை, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையம். நான்கும் தனித்தனி நிர்வாகம். ஒரு கதவில் எழுதிய சீட்டு அடுத்த கதவுக்குத் தானாகப் போகாது, பெற்றோர்தான் எடுத்துப் போக வேண்டும். எந்த வயதுக்கு எந்தக் கதவு என்று தெரியாமல் அலைவதிலேயே பல குடும்பங்களின் முதல் ஆறு மாதம் போய்விடுகிறது. சின்ன வயதில் ஆறு மாதம் என்பது மிகப் பெரிய காலம்.

14416

ஒன்றிய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கியது. பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம்தான் இதற்குத் தலைமை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. அந்த எண் கிடைக்கவில்லை என்றால் 1800-891-4416 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பதிவு செய்த குரல் மொழியைக் கேட்கும், தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவரால் தீராது என்று தெரிந்தால் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ மாற்றுவார், நேரில் பார்க்க வேண்டியிருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையைச் சொல்வார். 2024 அக்டோபரில் செயலியும் காணொளி ஆலோசனையும் வந்தன. காணொளியை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், நடு ராத்திரியில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இதைவிடச் சுலபமான முதல் கதவு இல்லை. பஸ் ஏற வேண்டாம், லீவு போட வேண்டாம், 'அந்த ஆஸ்பத்திரி'க்குப் போனதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சமும் வேண்டாம். சொந்தப் பெயரைச் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் பேசலாம்.

முதல் இரண்டு நிமிடத்தில் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மீதி அமையும். "பையன் சரியில்லைங்க, எப்பப் பாத்தாலும் செல்போன்" என்று தொடங்கினால் பேச்சு செல்போனைச் சுற்றியே போய் முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பதினாலு வயசு, ஒன்பதாவது படிக்கிறான். ரெண்டு மாசமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கறதில்ல. தினம் கிரிக்கெட் ஆடப் போவான், இப்ப போறதே இல்ல. சாப்பாடு பாதியாக் குறைஞ்சிருக்கு. போன வாரம், 'நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதிதானே'ன்னு கேட்டான்." வயது, வகுப்பு, எப்போதிலிருந்து, முன்பு எப்படி, இப்போது எப்படி, உயிருக்கு ஆபத்தான பேச்சு உண்டா. இந்த ஆறும் வந்துவிட்டால் ஆலோசகருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்தக் கடைசிக் கேள்வியைப் பெற்றோர் பிள்ளையிடம் கேட்கவே பயப்படுவார்கள், கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று. அப்படி ஆகாது. "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று பதறாமல் நேராகக் கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, அடைத்துவைத்திருந்தது வெளியே வரத்தான் வழி பிறக்கிறது. 'ஆமாம்' என்று பதில் வந்தால் அன்றைக்கே வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவையும் பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைத் தனியே விடக்கூடாது. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்தச் சேவையின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதற்கு இது இடமல்ல, அதற்கு நேரில் பார்க்க வேண்டும். ஐ.க்யூ. டெஸ்ட், சான்றிதழ் எதுவும் போனில் நடக்காது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் தனியாகக் கூப்பிட்டு மனம்விட்டுப் பேசலாம், ஆனால் மருந்து எழுத வேண்டுமானால் பொறுப்பான பெரியவர் ஒருவர் உடன் இருந்தாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கேட்டவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்ற வாக்குறுதிக்கு அங்கே வரம்பு உண்டு. அந்தச் சூழலில் 1098 குழந்தைகள் உதவி எண்ணும் கையில் இருக்கட்டும்.

எங்கள் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. இரவு பகலாக ஷிப்ட் முறையில் நடக்கும் சேவை என்பதால் அடுத்த முறையும் அதே ஆலோசகர் கிடைப்பார் என்று இருக்க முடியாது. பதினைந்து வயதுப் பெண், தன் மனத்தில் இருப்பதை மூன்று பேரிடம் மூன்று தடவை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றால் மூன்றாம் தடவை போனையே எடுக்க மாட்டாள். தற்காலிகமாக ஒரு வழி: முதல் அழைப்பு முடிந்ததும் என்ன பேசினோம், என்ன செய்யச் சொன்னார்கள், அன்றைய தேதி, இவற்றை ஐந்தே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பில் அதை வாசித்தாலே போதும். அதே எண்ணிலிருந்து கூப்பிடுவதும் நல்லது.

ஆறு வயதுக்குக் கீழே என்றால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இழக்கிற காலத்துக்கு ஈடே இல்லாத வயது இது.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பார்த்து, சந்தேகம் உள்ள பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். ஊழியர்கள் அந்த மையத்தை டி.இ.ஐ.சி. என்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் என்பது திட்டத்தின் வடிவம். அந்த வடிவம் அருமையானது. ஐந்து இடத்துக்கு ஐந்து நாள் லீவு போட வேண்டிய அலைச்சலை ஒரே நாளாக்கும் எண்ணம் அது.

அந்தக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நேராகவே போகலாம். ஒன்றரை வயதில் பிள்ளை விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, வந்த சொற்கள் மறைந்துபோயின என்றால் 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம் தரும் வளர்ச்சிக் குறைபாடான ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்க, 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் உண்டு. தமிழிலும் இருக்கிறது. 3-க்குக் கீழே மதிப்பெண் என்றால் அப்போதைக்குக் கவலை குறைவு, 3 முதல் 7 என்றால் தொடர் கேள்விகள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும், 8-ம் அதற்கு மேலும் என்றால் காத்திருக்காமல் முழுப் பரிசோதனை. இது சல்லடை மட்டுமே, நோய் இன்னதென்று முடிவு சொல்லும் கருவி அல்ல. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அழுவதும் வேண்டாம், 'ஒன்றுமில்லை' என்று எழுந்து போவதும் வேண்டாம்.

வரிசையில்தான் அதிகம் பிசகுகிறது. பேச்சு வரவில்லை என்றதும் பேச்சுப் பயிற்சிக்கு ஓடுகிறார்கள். முதலில் காது. காது கேட்காத பிள்ளைக்கு ஆறு மாதம் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் என்ன பயன்? கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதால் பேச்சின் மெல்லிய ஒலிகள் எல்லாம் கேட்கின்றன என்று ஆகிவிடாது. காது கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா என்ற பரிசோதனையைத் தூங்கும் பிள்ளைக்குத்தான் செய்ய முடியும். காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்து விடிகாலையில் எழுப்பிவிடுங்கள், வரும் வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, துறுதுறுவென்று வந்து நிற்கும் பிள்ளைக்கு அன்று டெஸ்ட் நடக்காது. வேறு தேதி, இன்னொரு நாள் கூலி.

பயிற்சி அறையைப் பார்த்தால் சில பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு பாய், ஒரு நீளக் கண்ணாடி, சோப்பு நுரை ஊதும் குப்பி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?' அந்த டப்பாவைக் கவனியுங்கள். உள்ளே பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட் இருக்கிறது, வெளியே தெரிகிறது, மூடி இறுக்கமாக இருப்பதால் அவனால் திறக்க முடியாது. பயிற்சியாளர் அதைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் ஐந்து நொடி காத்திருக்கிறார். பிள்ளை டப்பாவைப் பிடித்து இழுக்கிறான், சிணுங்குகிறான், பிறகு ஒரு கணம் அவர் கண்ணைப் பார்க்கிறான். அந்தக் கணத்திலேயே "தா!" என்று அவனுக்காகச் சொல்லி, மூடியைத் திறந்து, சின்னத் துண்டு கொடுக்கிறார். முழு பிஸ்கட் கொடுத்தால் அவனுக்கு மறுபடி கேட்கத் தேவையிருக்காது. எனவே ஒரு பிஸ்கட்டை எட்டுத் துண்டாக்கினால் எட்டு வாய்ப்பு. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டிவிடுகிறோம். பேச வேண்டிய அவசியத்தையே பாசத்தால் பறித்துவிடுகிறோம்.

இந்தப் பயிற்சியை வாரம் ஒரு முறை செய்தால் போதாது. வீட்டில் தினமும் குளியல், சாப்பாடு, துணி மடிப்பு என்று பல தடவை செய்தால்தான் பயன் தெரியும். ஆக, மையத்தின் உண்மையான வேலை அம்மாவுக்குச் சொல்லித்தருவதுதான். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னால், "நானும் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டுங்களா?" என்று கேளுங்கள். கிளம்பும் முன், அடுத்த முறை வரும்வரை வீட்டில் செய்ய வேண்டிய மூன்று விஷயத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து விஷயம் எழுதித் தந்தால் ஒன்றும் நடக்காது.

மாவட்டத்துக்கு ஒரு மையம் என்பதுதான் இதன் ஆகப் பெரிய குறை. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கோயம்புத்தூர் போக 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பஸ்ஸில் வாந்தி எடுத்து, களைத்து, கூட்டத்தைக் கண்டு மிரண்டு வரும் ஆட்டிசம் பிள்ளையிடம் அன்று என்ன பயிற்சி நடக்கும்? வாரம் ஒருமுறை வரச் சொல்வது அந்தக் குடும்பத்துக்கு முடியாத காரியம். இப்படிப்பட்டவர்கள் முதல் நாளே, "எங்களால் மாதம் ஒரு தடவைதான் வர முடியும், அதற்கு ஏற்ற மாதிரி திட்டம் போட்டுக் கொடுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வராமலே இருந்துவிடுவதுதான் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தப் பயிற்சிகளைக் கொண்டுவரும் நோக்கத்தில் திறக்கப்பட்டு வருகின்றன. உங்கள் பகுதியில் உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மனநலப் பிரிவு

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. அதை மாவட்டங்களுக்குக் கொண்டுபோன மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நான்கு மாவட்டங்களோடு தொடங்கியபோது அவற்றில் திருச்சியும் ஒன்று. இந்தத் திட்டத்தின் மருத்துவர் குழு மாவட்டத் தலைமையிடத்தோடு நின்றுவிடாமல் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் போகிறது. அந்த நாள் எது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் மாவட்ட மருத்துவமனைக் கூட்டத்தில் போய் நிற்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமோ 14416-இலோ கேட்டுக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

குழந்தைகளுக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் சிறாருக்கான தனிப் பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் பொது மனநல மருத்துவரே பிள்ளைகளையும் பார்க்கிறார். பெரும்பாலான பிரச்சினைகளுக்கு அது போதும். போதாதது காத்திருக்கும் இடம்தான். பெரியவர்களின் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பத்து வயதுப் பிள்ளை உள்ளே போகும்போது ஏற்கெனவே பயந்துபோயிருக்கும். வாரத்தில் ஒரு நாளைச் சிறாருக்கு மட்டும் என்று ஒதுக்கினால் செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் உடனே செய்ய வேண்டிய காரியம் இது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பையில் என்ன இருக்க வேண்டும்: பிரசவ டிஸ்சார்ஜ் சுருக்கம், தடுப்பூசி அட்டை, இரண்டு வருடப் பள்ளி நோட்டுகள், மார்க் கார்டு, வகுப்பாசிரியர் எழுதிய அரைப் பக்கக் கடிதம், வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ. 'வீட்டில் தரையில் புரண்டு அழுவான்' என்று எவ்வளவு விளக்கினாலும் டாக்டர் முன்னால் பிள்ளை சாதுவாக உட்கார்ந்திருக்கும். வீடியோ அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஆசிரியரிடம் 'குறும்பு அதிகம்' என்று எழுதி வாங்காதீர்கள். எந்தப் பாடவேளையில், எத்தனை நிமிடம் உட்கார்கிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதை முடிக்கிறானா, பக்கத்துப் பிள்ளையோடு எப்படி என்று எழுதச் சொல்லுங்கள்.

ஐ.க்யூ. டெஸ்ட் அன்று பசி, தூக்கக் கலக்கம், சளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மதிப்பெண் இறங்கும். இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், கண்ணாடி போடும் பிள்ளை கண்ணாடியோடு வர வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக்கூடாது, அப்படி நடந்தால் தமிழில் கேட்கச் சொல்லத் தயங்க வேண்டாம். அறைக்குள்ளிருந்து அம்மா விடையை எடுத்துக் கொடுப்பதும் கெடுதல்தான். அரைகுறையாக நடந்த ஒரு டெஸ்டின் எண்ணைப் பிள்ளை பத்து வருடம் சுமக்கும்.

மாத்திரை விஷயத்தில் நிறைய பயம் இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் இருந்தால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து அல்ல. அதற்கு மேல் தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் எழுதுவார்கள். எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, சீட்டைச் சரிபார்த்தே கொடுப்பார்கள். பசியையும் தூக்கத்தையும் அது குறைக்கும் என்பதால் காலை உணவுக்குப் பிறகு கொடுப்பது வழக்கம், மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கு எழுதும் ஃபுளூஆக்செடின் வேலை செய்வது தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். முதல் சில வாரம் பதற்றமோ சாவைப் பற்றிய பேச்சோ கூடுகிறதா என்று கவனித்து, கூடினால் மறு தேதிக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும். 'பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியல' என்று நிறுத்துவதும், நன்றாக ஆனதும் 'இனி எதுக்கு' என்று நிறுத்துவதும் ஒரே தவறின் இரண்டு முகம்.

உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பக்கத்தில் நிற்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக்கூடாது. பெற்றோர் அல்லது அவர்கள் குறிக்கும் ஒருவர் முழு நேரமும் உடன் இருக்க வேண்டும், பெண் பிள்ளை என்றால் பெண் துணை. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பெற்றோரின் ஒப்புதலும் வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் மின் அதிர்வுச் சிகிச்சை செய்ய முடியாது.

பள்ளிக்கூடம்

திங்கட்கிழமை காலை மட்டும் வயிற்றுவலி, சனி ஞாயிறு காணோம் என்றால் ஸ்கேன் எடுப்பதற்கு முன் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேலியா, அடியா, எழுத்தா? வீட்டிலேயே வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பப் போவதை இன்னும் கடினமாக்கும். அரை நாள், ஒரு பாடவேளை என்றாவது போகவைக்கத் தலைமை ஆசிரியரோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். 14417 கல்வி உதவி எண்ணையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடியும் வருகிறார்கள். இந்தச் சேவை இருப்பது தெரியாத பெற்றோர்தான் அதிகம். பேச்சிலும் கேள்வியறிவிலும் கெட்டிக்காரனாக இருந்து, எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் திணறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். பொதுத்தேர்வில் இவர்களுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு டிசம்பரில் வந்து 'மார்ச்சுக்குள் சான்றிதழ் வேண்டும்' என்று நிற்கிறார்கள். டெஸ்ட், மருத்துவக் குழு, தேர்வுத்துறை அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

அட்டை, பணம், பஸ்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் அடக்கம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்பது எல்லைக்கோடு. ஆனால் பயிற்சி தொடங்க மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவையே இல்லை. அட்டை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய இழப்பு, இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது, பயிற்சிக் கட்டணங்களுக்கும் ஓரளவு கேட்டுப் பெறலாம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. நகர எல்லைக்குள் இருக்கும் ஒரு தாயை இரண்டாம் தடவை வரவைப்பதில் இந்தச் சலுகை செய்த வேலை பெரியது. புறநகர் பஸ்ஸுக்குத் தனியாகப் பயண அட்டை வாங்க வேண்டும்.

தனியார் மையத்துக்குப் போவதில் தவறில்லை. பயிற்சியாளரின் படிப்பையும், காது, பேச்சுத் துறையினர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். அறைக்குள் பெற்றோரை விடாத இடம், 'ஆறு மாதத்தில் ஆட்டிசம் முழுக் குணம்' என்று பேக்கேஜ் சொல்லும் இடம், இரண்டிலும் பணத்தைக் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-இலேயே சொல்லிவிட்டது. அதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

அம்மாவையும் பார்க்க வேண்டும்

இந்த நான்கு கதவுகளிலும் விட்டுப்போகும் ஒன்று உண்டு. பிள்ளையைப் பற்றி அரை மணி நேரம் கேட்கிறார்கள், கூட வந்தவரிடம் "நீங்க தூங்கறீங்களாம்மா?" என்று கேட்பதில்லை. பிள்ளைக்கு இப்படி ஆனதற்கு மாமியார் முதல் பக்கத்து வீடு வரை தாயைத்தான் காரணம் சொல்வார்கள். மனச்சோர்வில் இருக்கும் அம்மாவால் வீட்டுப் பயிற்சியைச் செய்ய முடியாது. ஐந்து நொடி காத்திருந்து "தா!" சொல்லத் தெம்பு வேண்டும். 14416 அவர்களுக்கும்தான். அப்பாவின் குடி பிரச்சினை என்றால் அதே மாவட்ட மருத்துவமனையில் மதுமீட்புச் சிகிச்சை கேட்கலாம். அப்பா ஒரு தடவையாவது அந்தப் பயிற்சி அறையில் உட்கார்ந்து பிஸ்கட் டப்பாவைப் பார்த்துவிட்டால் வீட்டில் சண்டை பாதியாகக் குறையும்.

மறு தேதி எழுதாத சீட்டோடு வெளியே வராதீர்கள். திருவிழா, கூலி வேலை, காய்ச்சல் என்று தேதி தவறிப்போனால் 'திட்டுவார்களோ' என்று அப்படியே நின்றுவிட வேண்டாம். அதே பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஓ.பி. நாளில் போங்கள். மாத்திரை நடுவில் நின்றிருந்தால் எத்தனை நாள் நின்றது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், டாக்டர் அளவை அதற்கு ஏற்ப எழுதுவார்.